மூன்றே முக்கால் வட்டி: வங்கியிடம் பேசிக் குறைக்க முடியுமா?

கேள்வி: நான் பள்ளத்தூரில் வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், கைமுறுக்கு என்று கல்யாண வீடுகளுக்கும் சென்னைக்கும் ஆர்டர் போகிறது. மகனின் கல்லூரிக் கட்டணத்தையும் பாக்கெட் ஒட்டும் இயந்திரத்தின் விலையையும் கிரெடிட் கார்டில் கட்டியதில் ரூ.1,91,000 பாக்கி நின்றது. 14 மாதமாக, மாதம் ரூ.9,000 தவறாமல் கட்டியும் பாக்கி இன்னும் ரூ.1,80,000 இருக்கிறது. மாவு, எண்ணெய் வகையில் மாதம் ரூ.12,000 அளவுக்கு அதே கார்டில்தான் வாங்குகிறேன். அதை மட்டும் மறுமாதமே முழுதாகக் கட்டிவிடுவதால் அதற்கு வட்டி கிடையாது. இப்போது வட்டியை மாதம் 3.5 சதவீதத்திலிருந்து 3.75 சதவீதமாக உயர்த்துவதாக வங்கி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. "வட்டிக்கு விட்ட ஊரில் பிறந்துவிட்டு வட்டியைப் பேசத் தெரியாதா?" என்கிறார் என் அப்பத்தா. பேசிக் குறைக்க முடியுமா? கந்துவட்டிச் சட்டம் இதற்குப் பொருந்தாதா? கட்டுவதை நிறுத்திவிட்டால் பாதித் தொகைக்கு 'செட்டில்மென்ட்' முடித்துக்கொள்ளலாம் என்கிறார் கொழுந்தனார். அதைக் கேட்கலாமா, நகையை அடகு வைக்கலாமா?

ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தோடு கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டையும் அனுப்பியிருந்தது பெரிய உதவியாக இருந்தது. பலர் பாக்கித் தொகையை மட்டும் எழுதிவிட்டு யோசனை கேட்பார்கள். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

முதல் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: கார்டின் மாத வட்டியைக் குறைத்துத் தரும்படி கேட்க உங்களுக்குத் தடை ஏதும் இல்லை, ஆனால் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்த உரிமையும் இல்லை, அப்படிக் கேட்டு 3.75-ஐ 3 ஆக்கிக்கொண்டு வந்தவர்களை என் 26 ஆண்டு ஆடிட்டர் தொழிலில் நான் பார்த்ததில்லை. வங்கி பேரம் பேசுவது வேறு இடத்தில். கார்டுப் பாக்கியாக நிற்கும் தொகையைத் தவணைக் கடனாகவோ வேறு வகைக் கடனாகவோ மாற்றிக்கொள்ளக் கேட்டால், பாதிக்கும் குறைவான வட்டிக்கு இறங்கி வருவது அன்றாடம் நடக்கிறது. ஆகவே வட்டியைக் குறையுங்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தக் கடனை மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். அது ஏன் என்பது கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

நம் பக்கத்தில் வட்டியைச் சதவீதத்தில் சொல்வதில்லை; நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. அந்தக் கணக்கில் உங்கள் கார்டு மூன்றே முக்கால் வட்டி. காரைக்குடியில் எந்த அடகுக் கடைக்காரராவது மூன்றே முக்கால் வட்டி என்று வாயைத் திறந்திருந்தால் நீங்கள் நகைப்பையை மூடிக்கொண்டு எழுந்து வந்திருப்பீர்கள். அதுவும் அதோடு நிற்பதில்லை. சாதாரணக் கடன்களின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லாததால் 18 சதவீத வரி மேலே ஏறுகிறது. ரூ.1,80,000-க்கு ஒரு மாத வட்டி ரூ.6,750, அதன் மேல் வரி ரூ.1,215, ஆக மொத்தம் ரூ.7,965. நீங்கள் கட்டும் ரூ.9,000-இல் அது போக அசலில் கழிவது ரூ.1,035 மட்டுமே. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 45 சதவீதம், வரியோடு சேர்த்து 53 சதவீதத்துக்கும் சற்று மேல். இந்தக் கார்டில் இனி ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் மாதம் ரூ.9,000 கட்டிக்கொண்டே போனாலும் கடன் தீர ஏறத்தாழ 50 மாதம் ஆகும். அதற்குள் நீங்கள் கட்டியிருக்கும் தொகை ரூ.4,50,000-ஐ நெருங்கிவிடும்.

இப்போது வந்திருக்கும் கால் சதவீத உயர்வால் உங்களுக்குக் கூடும் சுமை, வரியையும் சேர்த்து, மாதம் ரூ.531. அது எரிச்சலூட்டும் தொகைதான், ஆனால் உங்களை அழுத்திக்கொண்டிருப்பது அது அல்ல. உயர்வுக்கு முன்பே நீங்கள் நூற்றுக்கு நான்கு ரூபாய்க்கு மேல் கட்டிக்கொண்டுதான் இருந்தீர்கள். 14 மாதத்தில் ரூ.1,26,000 கட்டியும் பாக்கி ரூ.11,000 மட்டுமே இறங்கியதற்குக் காரணம் பழைய வட்டியே.

இன்னொரு காரணமும் உண்டு. மாவுக்கும் எண்ணெய்க்கும் செலவழிக்கும் ரூ.12,000-ஐ மறுமாதமே கட்டிவிடுவதால் அதற்கு வட்டி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. கிரெடிட் கார்டில் வட்டியில்லாக் காலம் என்பது முந்தைய ஸ்டேட்மென்டின் முழுத் தொகையையும் கட்டி முடித்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும் அந்தச் சலுகை போய்விடும். அதன் பிறகு கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் வட்டி ஓடும். அனுப்பியிருக்கும் ஸ்டேட்மென்டின் இரண்டாம் பக்கத்தில், 'நிதிக் கட்டணம்' என்ற வரியைப் பாருங்கள். பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டிருந்தால் வர வேண்டிய தொகையைவிட மூன்று மாதமும் நானூறு, ஐந்நூறு கூடுதலாக இருக்கிறது. அந்த ரூ.12,000 ஒரு மாதம் முழுதும் நின்றால் புதிய விகிதப்படி வட்டியும் வரியுமாக வருவது ரூ.531. வங்கி இப்போது ஏற்றியிருக்கும் அதே தொகை! வங்கியிடம் மன்றாடாமலே அந்த உயர்வை ஈடுகட்ட வழி உங்கள் கையில் இருக்கிறது: நாளையிலிருந்து மாவுக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகவோ கொடுங்கள், கார்டை வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வங்கியின் கார்டுக்கு ரூ.23,480 கட்ட வேண்டிய இடத்தில், எண்ணை மாற்றி ரூ.23,408 என்று காசோலை எழுதிவிட்டேன். எழுபத்திரண்டு ரூபாய் குறைந்தது. அடுத்த மாத ஸ்டேட்மென்டில் வட்டி மட்டும் தொள்ளாயிரத்துச் சொச்சம் வந்தது. நான் விட்ட 72 ரூபாய்க்கு அல்ல, வாங்கிய நாள் முதல் முழுத் தொகைக்கும் கணக்கிட்டிருந்தார்கள். பிறருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவன் இப்படி மாட்டிக்கொண்டேனே என்று வெட்கமாக இருந்தது. எழுதிக் கேட்ட பிறகு 'ஒருமுறைச் சலுகை' என்று பெயர் வைத்துத் திருப்பித் தந்தார்கள். இதுபோன்ற ஒற்றை வட்டியையோ தாமதக் கட்டணத்தையோ ஆண்டுக் கட்டணத்தையோ தள்ளுபடி செய்யக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. விகிதத்தை மாற்றக் கேட்டால் கிடைப்பதில்லை.

அடுத்து, கந்துவட்டிச் சட்டம். தமிழ்நாட்டில் 2003-இல் வந்த அந்தச் சட்டம் தனியார் கொடுக்கும் கந்துவட்டி, மீட்டர்வட்டி போன்றவற்றை ஒடுக்க வந்தது. வங்கியின் கார்டு வட்டிக்கு எதிராக அதைக் கையிலெடுக்க முடியாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு, வங்கி விதித்த வட்டி மிகுதியானது என்ற காரணத்துக்காக மட்டும் நீதிமன்றங்கள் கணக்கைத் திரும்பத் திறக்கக் கூடாது என்று சொல்கிறது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டுப் பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது உண்மை. உங்களுக்கு யாராவது அந்த '30 சதவீத உச்சவரம்பை'ச் சொல்லியிருக்கலாம். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்து செய்துவிட்டது. வட்டியை ஒழுங்குபடுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை, நுகர்வோர் ஆணையத்தின் வேலை அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சிட்டதை வாடிக்கையாளர் படித்து ஒப்புக்கொண்டார் என்று கொள்வது நடைமுறைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் இன்றைய சட்டநிலை அதுதான், அதற்கு எதிராக வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் காலத்துக்கும் நூற்றுக்கு நான்கே கால் ரூபாய்க்கு மேல் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ரிசர்வ் வங்கி 2025-இல், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து படிப்படியாக 5.25 சதவீதம் வரை இறக்கியதே, வீட்டுக்கடன்காரர்களுக்கெல்லாம் குறைந்ததே, கார்டுக்கு மட்டும் ஏன் ஏறுகிறது என்று நீங்கள் கேட்கலாம். மாறும் வட்டி வீட்டுக்கடன்களை 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு வங்கிகள் கட்டிவைத்திருக்கின்றன; கார்டு வட்டிக்கு அப்படிக் கட்டு எதுவும் இல்லை, அந்தந்த வங்கியே நிர்ணயித்துக்கொள்கிறது. அடமானமில்லாத கடன் என்பதால் வாராக்கடன் பயமும் அதில் அதிகம். 2023 நவம்பரில் கார்டு கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தின் அளவுகோலான இடர் எடையை ரிசர்வ் வங்கி 125-லிருந்து 150 சதவீதமாக உயர்த்தியதும் செலவைக் கூட்டியது.

அப்பத்தா சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த நம் நகரத்தார் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்தார்கள். அதை அடியாக வைத்துக்கொண்டு, வந்து கேட்கும் ஆளின் நாணயத்தையும் ஈடாகக் காட்டும் பொருளையும் பார்த்து, கடையை நடத்தும் மேலாள் வட்டியைக் கூட்டியோ குறைத்தோ சொன்னார். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் தொடங்கியபோதும் கடன் கேட்பவரை நேரில் பார்த்துப் பேசும் வழக்கம்தான் இருந்தது. கார்டில் அந்த மேலாள் இல்லை. லட்சக்கணக்கான கார்டுகளுக்கு ஒரே விகிதத்தைக் கணினி போடுகிறது. தொலைபேசியை எடுப்பவருக்கு அதை மாற்ற அதிகாரமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆனால் பாக்கியை இ.எம்.ஐ. ஆக்கித் தரும் பொத்தான் அவரிடம் இருக்கிறது. உங்களுடைய நாணயம், அதாவது 14 மாதம் ஒரு தவணையும் தவறாத வரலாறு, மதிப்புப் பெறும் இடம் அதுதான்.

பேசுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்துப் பாருங்கள். 300-க்கும் 900-க்கும் இடைப்பட்ட அந்த மதிப்பெண் 750-க்கு மேல் இருந்தால் உங்கள் குரலில் தானாகவே உறுதி வந்துவிடும். வேறொரு வங்கியில் ரூ.1,80,000 தனிநபர் கடனுக்கு என்ன வட்டி என்று கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் அது உங்கள் எடைக்கல்.

பிறகு வங்கியின் வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டு, "வட்டி உயர்வு பற்றிய அறிவிப்பு வந்தது, இந்த வட்டியில் தொடர எனக்கு விருப்பமில்லை, 14 மாதம் தவறாமல் கட்டியிருக்கிறேன், நிற்கும் பாக்கி ரூ.1,80,000-ஐ 24 மாதத் தவணையாக மாற்றித் தாருங்கள், இல்லாவிட்டால் இன்ன வங்கியில் கடன் வாங்கி மொத்தத்தையும் கட்டிக் கார்டை மூடிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். "மேடம், உங்கள் கார்டுக்கு இப்போது அப்படி எந்த ஆஃபரும் காட்டவில்லை" என்பது முதல் பதிலாக வரலாம். அங்கே போனை வைத்துவிடாதீர்கள். கோரிக்கையைப் பதிவு செய்யச் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள், மேல் அதிகாரி திரும்ப அழைக்க வேண்டும் என்று கேளுங்கள், அதே கோரிக்கையை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கார்டை மூடப்போகிறேன் என்று சொன்ன பிறகு, நேற்று இல்லாத ஆஃபர் இன்று வந்துவிடும் அதிசயத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அவர்கள் சொல்லும் வட்டியைக் கேட்கும்போது காது கூர்மையாக இருக்கட்டும். "மாதம் 0.99 சதவீதம்தான் மேடம்" என்றால், அது குறையும் அசலுக்கா, தொடக்க அசல் முழுவதற்குமா என்று கேளுங்கள். தொடக்க அசலுக்கே 24 மாதமும் 0.99 போட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் போலத் தோன்றும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைக் கழித்துக்கொண்டு வருவதால் உண்மையில் அது 21 சதவீதத்துக்கும் மேல். நம் வீடுகளில் பழைய வட்டிச் சிட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். எத்தனை ரூபாய்க்கு எத்தனை நாளைக்கு எவ்வளவு என்று வரிசையாக அச்சிட்டு வைத்திருந்தவர்களை இந்த 0.99 ஒரு நாளும் ஏமாற்றியிருக்காது.

குறையும் அசலுக்கு ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், ரூ.1,80,000-க்கு 24 மாதத் தவணை ரூ.8,813. முதல் மாத வட்டி ரூ.2,400, அதற்கு ஜி.எஸ்.டி. ரூ.432, ஆக முதல் மாதம் கையிலிருந்து போவது ரூ.9,245, பின்னர் வரி குறையக் குறைய இதுவும் குறையும். மொத்தத்தில் நீங்கள் கட்டுவது ஏறத்தாழ ரூ.2,17,000. இன்று கட்டுகிற அதே ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் 50 மாதத்துக்குப் பதிலாக 24 மாதத்தில் கடன் தீர்கிறது. செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, இடையில் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தவணையாக மாற்றும்போது அசலும் வட்டியும் தனித்தனியாகத் தெரியும்படி காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளில் இருக்கிறது. அந்த அட்டவணை எழுத்தில் வராமல் தொலைபேசியில் 'சரி' என்று சொல்லிவிட வேண்டாம்.

அதே விதிகளில் உங்களுக்குப் பயன்படும் வேறு சிலவும் உண்டு. கட்டணங்களை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும், மாற்றம் முன்தேதியிட்டு வரக் கூடாது; உங்களுக்குப் பாதகமான மாற்றம் என்று கருதிக் கார்டைத் திருப்பித் தந்தால் அதற்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.500 வங்கி உங்களுக்குத் தர வேண்டும். கட்ட வேண்டிய நாள் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அந்தக் கட்டணத்தையும், கட்டாமல் நிற்கும் தொகையின் மீதுதான் போட வேண்டும். கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலில் சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடுவது கூடாது. இவற்றில் ஏதாவது மீறப்பட்டு, வங்கிக்கு எழுதி 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கிடைக்கும். ஆனால் வட்டி அதிகம் என்று மட்டும் அவரிடம் போகாதீர்கள். வங்கியின் வணிக முடிவுகளில் அவர் தலையிட மாட்டார்.

கொழுந்தனாரின் யோசனைக்கு வருகிறேன். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் உங்களுக்கு அது பொருந்தாது. கட்டிக்கொண்டிருக்கிறவரிடம் வங்கி செட்டில்மென்ட் பேசாது. அதற்கு நீங்கள் முதலில் கட்டுவதை நிறுத்த வேண்டும், குறைந்தபட்சத் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து 90 நாள் தாண்டிக் கணக்கு வாராக்கடனாக வேண்டும், அதுவரை வட்டியும் தாமதக் கட்டணமும் ஏற வேண்டும், வசூல்காரர்கள் அழைக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அவர்கள் அழைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் இடைப்பட்ட பதினொரு மணி நேரம் உங்கள் அடுப்படியில் அந்தத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். இத்தனைக்கும் பிறகு பாதியில் முடிந்தாலும் கடன் அறிக்கையில் 'தீர்ந்தது' என்று வராமல் 'சமரசத்தில் முடிந்தது' என்று வரும், பல ஆண்டு நிற்கும். நாளைக்கு மகனின் மேற்படிப்புக்குக் கல்விக்கடன் வாங்கப் போனால், கூட்டாகக் கையெழுத்திடும் பெற்றோரின் அறிக்கையைத்தான் முதலில் திறப்பார்கள். வேலை போய், நோய் வந்து, எங்கிருந்தும் பணம் புரட்ட முடியாதவருக்கு அது கடைசி வழி. மாதம் ஒன்பதாயிரம் கட்ட முடிகிற உங்களுக்கு அல்ல. செட்டில்மென்ட் முடித்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு விளம்பரம் செய்யும் இடைத்தரகர்களிடம் மட்டும் எக்காரணம் கொண்டும் போக வேண்டாம்.

இனி நகை. நகையைத் தொடுவதென்றால் நம் வீடுகளில் முகம் வாடிவிடும் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் லாக்கரில் சும்மா கிடக்கும் பொன்னை வைத்துக்கொண்டே 53 சதவீதத்துக்குக் கடன் சுமப்பது எந்த ஐந்தொகையிலும் நேராகாத கணக்கு. வங்கியில் நகைக்கடன் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குக் கிடைத்தால் ரூ.1,80,000-க்கு முதல் மாத வட்டி ரூ.1,500, ஜி.எஸ்.டி. இல்லை. மாதம் அதே ரூ.9,000 கட்டினால் 22 மாதத்தில் நகை திரும்பிவிடும், மொத்த வட்டி ரூ.18,000-ஐத் தாண்டாது. எல்லா வழிகளிலும் மலிவானது இதுவே. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மாதாமாதம் கட்ட வேண்டும். ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகையை எடுத்தால், கடைசியில் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து, அடுத்த ஆண்டும் புதுப்பித்து, ஏல நோட்டீஸ் வந்த பிறகு கண் திறந்தவர்கள் இந்தத் தாலுகாவில் பலர் இருக்கிறார்கள். தவணை முறையில் நகைக்கடன் தரும் வங்கியைத் தேடுங்கள், அல்லது இடையிடையே அசலில் வரவு வைக்க அனுமதிக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் பூட்டிய கழுத்துருவை எடுக்க வேண்டாம். மதிப்பீட்டாளர் கல்லையும் நூலையும் கழித்துத் தங்கத்தை மட்டும்தான் எடை போடுவார். அந்த உருக்களைப் பிரித்து நிறுக்கும் காட்சியை அப்பத்தா பார்க்க வேண்டியதில்லை. சங்கிலியும் வளையலும் போதும்.

மாவு, எண்ணெய் வாங்கும் முதலுக்குக் கார்டு இல்லாமல் முடியாது என்றால், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொண்டு வங்கியில் முத்ரா கடன் கேளுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. கடனுக்கு அடமானமும் இல்லை, ரூ.50,000 வரையிலான சிஷு பிரிவே உங்கள் மாத முதலுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அது தொழிலுக்கான கடன். கார்டுப் பாக்கியை அடைக்க அதைத் திருப்பிவிடக் கூடாது.

உங்கள் ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி உருவாகிறது. ஆகவே 12-க்கு முன்பே வங்கியோடு பேசி முடியுங்கள். அதே வாரத்தில் நகையை மதிப்பிட்டு வட்டி விவரத்தையும் வாங்கி வையுங்கள். தவணை அட்டவணை வந்ததும் முதல் மாத வட்டிப் பத்தியை மட்டும் பாருங்கள். ரூ.2,400-ஐ ஒட்டி இருந்தால் வங்கி நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறது, நகைக்கடனின் ரூ.1,500-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்துக்காக நகையை வங்கியில் வைப்பதா வேண்டாமா என்பதை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். ரூ.3,000-ஐத் தாண்டியிருந்தால் ஒப்புதல் தராதீர்கள். அட்டவணையை எனக்கு அனுப்பிவிட்டு நேரே நகைக்கடனுக்குப் போங்கள்.